ரேடியோவைக் குறைக்கச் சொன்னவள்

செய்தி வந்தபோது நான் மன்னார் மீன் சந்தையில் ஒரு விளைமீனின் கண்ணை விரலால் குத்திப் பார்த்துக்கொண்டு, அது செத்து மூன்று நாளா நான்கு நாளா என்று வியாபாரியுடன் மூன்றாம் உலக யுத்தம் நடத்திக்கொண்டிருந்தேன். சட்டைப் பைக்குள் போன் அடித்தது. என் மனைவி திரேசா.

"மெற்றில்டா போயிட்டாளப்பா."

"எங்க போயிட்டாள்? ஆஸ்பத்திரியாலயும் எழும்பி ஆருக்கு அடிக்கப் போனவள்?" என்று கேட்டேன்.

நாற்பது வருசமாக என் ஒவ்வொரு சொல்லுக்கும் இரண்டு சொல் திருப்பித் தருகிற திரேசா அன்றைக்கு ஒன்றும் சொல்லவில்லை. மூச்சு மட்டும் கேட்டது. அப்போதுதான் எனக்கு விளங்கியது. மீனை வைத்தேன். "அண்ணை, கோவியாதேங்கோ, மூண்டு நாள்தான்" என்று வியாபாரி பின்னால் கத்தினான். பஸ் நிலையம் வரை நடந்து, ஏறவேண்டிய பஸ்ஸை விட்டுவிட்டு, வீடு வரை நடந்தே வந்தேன்.

மெற்றில்டாவை அறிந்தவர்களே, அவளிடம் அடி வாங்கியவர்களே, ஓடித் தப்பியவர்களே! முப்பத்தாறு வயதில் அவளைக் கொண்டுபோனது டெங்குக் காய்ச்சல். கம்பு, கத்தி, திருக்கைவால் எல்லாவற்றையும் சமாளித்து நின்றவளை ஓர் அற்ப நுளம்பு சாய்த்துவிட்டது. அன்று பின்னேரம் நான் செருப்பும் கையுமாக எங்கள் வளவிலும் அவளுடைய வளவிலும் திரிந்து கொன்ற நுளம்புகளை நிரையாக அடுக்கினால், தலைமன்னாரில் இருந்து அக்கரைக்கு இரண்டாவது ஆதாம் பாலம் போடலாம். கோபம் தீரவில்லை. தண்ணீர் தேங்கிய சிரட்டை, பழைய ரயர், பூச்சாடி என்று கண்ணில் பட்டதை எல்லாம் உடைத்தேன், வெட்டினேன், எறிந்தேன். மாதா சுரூபத்துக்கு முன்னால் இருந்த பூச்சாடியை மட்டும் திரேசா தூக்கிக்கொண்டு போய் ஒளித்து வைத்தாள்.

முப்பத்தோராம் நாள் நினைவு மலருக்கு எழுதித் தரும்படி மாதர் சங்கப் பெண்கள் கேட்டார்கள். எங்கள் ஒழுங்கையில் யார் செத்தாலும் எழுதுவது நான்தான். வாழ்நாளில் கொட்டாவிக்கு மட்டும் வாய் திறந்த ஒரு மனிதரைப் பெரும் பேச்சாளராக்கியிருக்கிறேன். முழங்கால் தண்ணீரில் காப்பாற்றச் சொல்லிக் கத்திய ஒருவருக்குக் கடற்சிங்கம் என்று பட்டம் கொடுத்திருக்கிறேன். இறந்தவர்கள் யாரும் இதுவரை முறையிடவில்லை. ஆனால் மெற்றில்டாவைப் பற்றி அப்படி எழுத எனக்குக் கை வரவில்லை.

அவள் கலியாணம் முடித்துப் பக்கத்து வளவுக்கு வந்து பதினான்கு வருசம். அது தகப்பன் அவளுக்குச் சீதனமாகக் கட்டிக் கொடுத்த வீடு. அப்போது அவளுக்கு இருபத்திரண்டு வயது, எனக்கு ஐம்பது. நான் பஸ் சாரதி. அவள் கருவாடு போடுகிறவள். இரண்டு வளவுக்கும் நடுவில் ஒரு பனையோலை வேலி.

வந்த கிழமையே எங்கள் இருவருக்கும் யுத்தம் தொடங்கியது. ஒரு தெருக்கழுதை என் முருங்கையைக் கடித்துக்கொண்டு நின்றது. துரத்தினேன். அது வேலியைப் பிய்த்துக்கொண்டு அவளுடைய வளவுக்குள் போய், காயப் போட்டிருந்த கருவாட்டுப் பாய்களின் மேல் நாலு காலாலும் உலாவி, நடுவில் நின்று செய்யக்கூடாததையும் செய்தது. அடுத்த நொடி வேலிக்கு மேலால் ஒரு பச்சைக் கட்டா மீன் பறந்து வந்தது. ஆள் நீளம். சரி, முழங்கை நீளம். என் இடது கன்னத்தில் அறைந்த அறையில் எனக்கு ஞானஸ்நானப் பெயரே மறந்துபோனது.

"கழுதை உங்கடயோ?" வேலிக்கு மேலால் ஒரு முகம் கேட்டது.

"மன்னாரில கழுதைக்கு ஆர் பிள்ளை சொந்தக்காரன்?"

"உங்கட வளவுக்குள்ளால தானே வந்தது?"

"என்ர வளவுக்கு எங்கால வந்தது எண்டு அதிட்டயே கேள்."

"இரண்டும் ஒரே மாதிரி முழிக்குது. எதிட்டக் கேக்கிறது?"

அன்றைக்கு எங்கள் வீட்டில் அந்தக் கட்டாதான் கறி. திரேசா சமாதானத்துக்காக ஒரு கோப்பை கறியை வேலிக்கு மேலால் நீட்டினாள். மெற்றில்டா நின்ற இடத்திலேயே விரலால் தொட்டு ருசி பார்த்து, "புளி காணாது" என்றாள். ஆனால் கோப்பையைத் திருப்பித் தரவில்லை. இப்படித்தான் ஒரு கிழவனுக்கும் ஓர் இளம்பெண்ணுக்கும் சிநேகிதம் தொடங்கியது. எனக்குப் புத்தி சொல்ல அவளுக்கு வயது போதாது. அவளுக்குப் புத்தி சொல்ல எனக்குப் புத்தி போதாது. ஆகவே இருவரும் சரிக்குச் சரி சண்டை பிடித்தோம்.

காலையில் அவள் வேலிக்கு அந்தப் பக்கம் குந்தியிருந்து மீன் கீறுவாள். நான் இந்தப் பக்கம் கதிரையைப் போட்டுக்கொண்டு கதை அவிழ்ப்பேன். ஒரு சுறா என்னைத் தலைமன்னாரில் முதுகில் ஏற்றி இராமேஸ்வரத்தில் இறக்கியதையும், நான் அங்கே தேத்தண்ணி குடித்துவிட்டு வரும்வரை அது காத்து நின்றதையும் முதலில் கேட்டவள் அவள்தான். கத்தியை நிறுத்தாமலே கேட்பாள். "மாமா சொல்லுறதைப் பத்தாப் பிரிக்கோணும். பிறகு அதில பாதியை எறியோணும். மிச்சத்தைப் பூனையும் தின்னாது" என்பாள். பிறகு, "அந்தச் சுறாவுக்குத் தேத்தண்ணி வாங்கிக் குடுத்தனீங்களோ?" என்றும் கேட்பாள்.

இனி எழுதப்போவதை எழுதாமல் விட்டால் இந்த மலர் இன்னும் வடிவாக இருக்கும். ஆனால் மெற்றில்டா இருக்க மாட்டாள்.

அவளுடைய புருசன் றொபேட் கடற்தொழிலாளி. திருநாளில் மாதா சுரூபம் வைத்துத் தூக்குகிற கூட்டுக்கு முன்பக்கம் தோள் கொடுக்கிறவன். குடிவெறி இல்லாத நாளில் தெருநாய்க்கும் வழிவிட்டு நடப்பான். ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து, சாப்பாடு முடிந்து, சாராயமும் முடிந்தால் அடிப்பான். பின்னேரம் மூன்று மணிக்குத் தொடங்கும். பனையோலை வேலிக்குச் சத்தத்தை மறிக்கத் தெரியாது. கையால் அடித்தால் ஒரு சத்தம். செருப்பால் அடித்தால் இன்னொரு சத்தம். தலை சுவரில் மோதினால் சத்தம் பெரிதாக வராது. அது நெஞ்சுக்குள் போய் விழும்.

புருசன் பெண்சாதிச் சண்டைக்குள் மூன்றாம் ஆள் போகக்கூடாது என்பது எங்கள் ஒழுங்கையின் சட்டம். பங்குச் சுவாமி முதல் கோவில் மணி அடிக்கிறவர் வரை எல்லோருக்கும் அது தெரியும். நானும் சட்டத்தை மதிக்கிற பிரசை அல்லவா? மூன்று மணிக்கு நான் ரேடியோச் சத்தத்தைக் கூட்டினேன். அவன் குரல் கூடினால் நானும் கூட்டினேன். ஷெல் விழுந்த காலத்தில் மடு ரோட்டில் பஸ் ஓடியவன் நான். அந்த வீரன், தன்னுடைய பாதி வயதுப் பெடியன் ஒருவனுடைய கைக்குப் பயந்து, வீட்டுக்குள் இருந்து பழைய பாட்டுக் கேட்டான்.

திங்கட்கிழமை காலை அவள் வழக்கம்போல மீன் கீறிக்கொண்டிருப்பாள். ஒரு கண் மூடியிருக்கும். நான் ஒன்றும் காணாதவன்போலக் கதை சொல்லுவேன். அவளுடைய முகம் எவ்வளவு வீங்கியிருந்ததோ அவ்வளவுக்கு என் பொய்யும் வீங்கும். சுறா திமிங்கிலமாகும், இராமேஸ்வரம் பினாங்கு ஆகும். அவள் ஒரு பக்கத்தால் சிரிப்பாள். மற்றப் பக்கம் அசையாது. அவளைச் சிரிக்க வைத்துவிட்டேன் என்று நான் பெருமைப்பட்டுக்கொண்டு வேலைக்குப் போவேன். ஒன்பது வருசம் இப்படிப் போனது.

ஒரு ஞாயிற்றுக்கிழமை வேலியைப் பிரித்துக்கொண்டு அவள் எங்கள் வீட்டுக்குள் வந்தாள். காய்ந்த திருக்கைவால் எப்படி இருக்கும் என்று கரையோரத்தவர்களுக்குச் சொல்லத் தேவையில்லை. சவுக்கு நீளம், அரம் போலச் சொரசொரப்பு. அதால் அடித்திருந்தான். முதுகுச் சட்டை தோலோடு ஒட்டியிருந்தது. திரேசா "யேசுவே" என்றபடி தண்ணீர் எடுக்க ஓடினாள். நான் எழும்பி நின்றேன். என்ன செய்வது என்று தெரியாமல் கதிரையைக் காட்டி, "இரு பிள்ளை" என்றேன். முதுகு அப்படி இருக்க யார் கதிரையில் இருப்பார்கள்? பின்னால் ரேடியோ பெரிய சத்தத்தில் பாடிக்கொண்டிருந்தது.

அவள் அழவில்லை. என் முகத்தை நேரே பார்த்தாள்.

"மாமா, அந்த ரேடியோவைக் குறையுங்கோ."

அவ்வளவுதான் சொன்னாள். ஒன்பது வருசமாக அந்தப் பாட்டெல்லாம் அவளுக்கும் கேட்டிருக்கிறது. வேலிக்கு இரண்டு பக்கம் உண்டு என்பது அதுவரை என் மண்டைக்கு எட்டவில்லை.

திரேசா அன்றைக்கே பொலிசுக்குப் போகவேண்டும் என்றாள். நான் விடவில்லை. ஊர்ப் பெரியவன் ஆகும் வாய்ப்பு எப்போதாவதுதானே வருகிறது? எங்களிடம் ஒரு வழக்கம் உண்டு. அடங்காத புருசனை மடுவுக்குக் கூட்டிக்கொண்டு போய் மாதாவுக்கு முன்னால் சத்தியம் வாங்குவது. மடுமாதா மேல் சத்தியம் பண்ணினவன் மீறினால் கடல் அவனைச் சும்மா விடாது என்று நாங்கள் நம்புகிறோம். நானே முன்னின்று ஒரு வாடகை வான் பிடித்தேன். றொபேட் வெறி முறிந்த முகத்தோடு வந்தான். கோவில் வாசலில் இருந்து பீடம் வரை முழங்காலில் போனான். பெரிய மெழுகுதிரி கொளுத்தி, "இனிமேல் குடிக்கவும் மாட்டன், இவளைத் தொடவும் மாட்டன்" என்று அழுதான். நானும் அழுதேன். அவன் அழுததைவிட நான் அழுதது கூட. திரும்பி வரும்போது கச்சான் கடலை வாங்கி எல்லோருக்கும் கொடுத்து, உலக சமாதானத்துக்கான பரிசை எனக்கு எந்த நாட்டில் வைத்துத் தருவார்கள் என்று யோசித்துக்கொண்டு வந்தேன்.

மெற்றில்டா கச்சானைத் தொடவில்லை. கட்டுக்கரைக் குளத்துப் பக்கமாக யன்னலால் பார்த்துக்கொண்டிருந்தவள் என் பக்கம் திரும்பினாள்.

"மாமா, அவர் மாதாவுக்குத்தான் சத்தியம் பண்ணினவர். எனக்குப் பண்ணேல்ல."

"சும்மா இரு பிள்ளை. மாதாவைவிட நீ பெரிய ஆளோ?"

"மாதாவுக்கு அவர் அடிக்கிறேல்லயே."

நான் சிரித்தேன். அதைப் பெரிய பகிடியாக எடுத்து இரண்டு மூன்று பேருக்குச் சொல்லவும் செய்தேன். அடி வாங்கி வந்த நாளில் இருந்து எங்கள் வீட்டில் திரேசாவோடு படுத்தெழும்பியவளை அன்றைக்கே கையைப் பிடித்துக் கூட்டிக்கொண்டு போய் அவனுடைய வாசலில் விட்டவன் நான். இதை யாரும் என் மேல் பழியாகச் சொல்லவில்லை. நானே சொல்லுகிறேன்.

சத்தியம் மூன்று ஞாயிறு தாங்கியது. நாலாம் ஞாயிறு சத்தம் கேட்டது. அன்றைக்கு ரேடியோ நிறுத்தியிருந்தது. கதிரையில் கிடந்த நான் எழும்பி ஓடினேன். வேலியைச் சிங்கம்போலப் பாய்ந்தேன் என்று பிறகு தேத்தண்ணிக் கடையில் சொல்லித் திரிந்தேன். உண்மை வேறு. வேலியில் ஏறினேன், வேலி விழுந்தது, அதன் மேல் நான் விழுந்தேன்.

விழுந்த இடத்தில் இருந்து கண்டேன். அவளுடைய தலைமயிரை இடது கையில் சுற்றிப் பிடித்து, கிணற்றடியை நோக்கி இழுத்துக்கொண்டிருந்தான். வலது கையில் மண்வெட்டிப் பிடி. அவள் முகத்துக்குக் குறுக்காகக் கையைக் கொடுத்தாள். அடித்தான். இரண்டாம் அடியில் கை முறிந்த சத்தம், காய்ந்த மட்டை முறிவதுபோல, எனக்குக் கேட்டது. மூன்றாவது தோளில். நான் தவழ்ந்து போய் அவனுடைய காலைக் கட்டிப் பிடித்தேன். அவன் திரும்பி அந்தப் பிடியால் என் வாயில் ஒன்று போட்டான். முன்பல் இரண்டும் மண்ணில் கிடந்தன. ஆனால் காலை நான் விடவில்லை. வீரம் இல்லை. விட்டால் இன்னொன்று விழும் என்ற பயம்.

என் வாயில் அடிக்கக் கை ஓங்கியபோது அவளுடைய மயிர் அவன் பிடியில் இருந்து நழுவியது. அவள் குசினி வாசலில் கிடந்த திருவலையைக் கண்டாள். தேங்காய் திருவுகிற சாமான். கனத்த பலகை, முனையில் பல்லுப் பல்லாக இரும்பு. முறியாத கையால் அதைத் தூக்கி அவனுடைய முழங்காலில் இறக்கினாள். அவன் மரம் விழுந்ததுபோல விழுந்தான். அவள் அவனுக்கு மேல் வந்து நின்று திருவலையை மறுபடி தூக்கினாள். இந்தமுறை தலைக்கு நேரே. இரும்புப் பல் அவனுடைய கண்ணில் இருந்து ஒரு சாண் உயரத்தில் நின்றது.

எனக்கு வாய் நிறைய இரத்தம். "வேண்டாம் பிள்ளை" என்று சொல்ல நினைத்தேன். சொன்னேனோ தெரியாது. உள்ளுக்குள் எங்கோ, "போடு" என்றும் ஒரு குரல் கேட்டது. அது என்னுடையதுதான்.

எவ்வளவு நேரம் நின்றாள் என்று தெரியாது. பிறகு திருவலையைப் பக்கத்தில் வைத்தாள். எறியவில்லை, வைத்தாள்.

"இவனைச் சாகடிச்சா நான் மறியல் வீட்டுக்குப் போகோணும். என்ர வீட்டை ஆர் பாக்கிறது?" என்றாள். பிறகு, அப்போதுதான் ஓடிவந்த திரேசாவையும் கண்டு, "மாமா, காலை விடாதேங்கோ. மாமி, பொலிசுக்குப் போன் அடியுங்கோ" என்றாள்.

வழக்கு வந்தது. அவளுக்கு வேண்டியது ஒன்றே ஒன்று. அந்த வீட்டு வாசலை அவன் மிதிக்கக்கூடாது என்று நீதிமன்றம் கட்டளை போடவேண்டும். அவனோ, அவள் கிணற்றடியில் வழுக்கி விழுந்தாள், தான் தூக்கப் போனேன் என்றான். கட்டளை இல்லாவிட்டால் நாளைக்கே வந்து அதே வீட்டில் இருப்பான். கண்ணால் கண்ட சாட்சி உலகத்தில் ஒரே ஆள். அந்த ஆள் யார்? சுறாவில் இராமேஸ்வரம் போனவன்.

"மாமா, உங்கட வாயிலதான் என்ர உயிர் கிடக்கு. ஐயோ எண்டிருக்கு எனக்கு" என்றாள் மெற்றில்டா.

விழுந்த வேலியைக் கட்டாமலே, இரண்டு வளவுக்கும் நடுவில் ஒரு கிழமை எனக்கு ஒத்திகை நடந்தது. அவள் ஒரு கையில் கட்டுப் போட்டபடி குந்தியிருப்பாள். பக்கத்தில் மீன் செதில் ஒரு சட்டி.

"சொல்லுங்கோ. என்ன கண்டனீங்கள்?"

"நான் வேலியைப் பாய்ஞ்சு..."

ஒரு பிடி செதில் என் முகத்தில் விழும்.

"விழுந்தனான். விழுந்து பாக்க, அவன் ஒரு பத்துப் பதினைஞ்சு அடி..."

இன்னொரு பிடி.

"மூண்டு! மூண்டு அடி!"

"அவ்வளவுதான். எத்தினையோ எண்டு சொல்லாதேங்கோ, எக்கச்சக்கம் எண்டு சொல்லாதேங்கோ. நீங்கள் ஒண்டைக் கூட்டினா அவங்கள் மூண்டையும் கழிச்சுப் போடுவாங்கள்."

"மூண்டு காணுமோ பிள்ளை? கொஞ்சமாக் கிடக்கே."

அவள் கட்டுப் போட்ட கையைத் தூக்கிப் பார்த்தாள். "எனக்கு மூண்டே காணும்" என்றாள்.

நீதிமன்றத்தில் என்னைக் கூண்டில் ஏற்றினார்கள். றொபேட்டின் சட்டத்தரணி சிரித்த முகம். ஊரில் நன்றாக விசாரித்துவிட்டு வந்திருந்தார்.

"சவிரிமுத்து, நீங்கள் ஒரு சுறாவின் முதுகில் இந்தியாவுக்குப் போனதாகச் சொல்லியிருக்கிறீர்களா?"

பின்னால் எல்லோரும் சிரித்தார்கள். என் வாழ்க்கையில் இவ்வளவு பெரிய சபை எனக்குக் கிடைத்ததில்லை. அந்தச் சுறாவுக்கு என்ன பெயர் வைத்தேன் என்பது வரை நாக்கு நுனிக்கு வந்தது.

"ஓம். சொன்னனான். அது பொய்" என்றேன்.

"வேலியைச் சிங்கம்போலப் பாய்ந்ததாகவும் சொன்னீர்கள்."

"அதுவும் பொய். விழுந்தனான்."

"அப்படியானால் இவர் மனைவியை அடித்தார் என்பது மட்டும் எப்படி உண்மையாகும்? எத்தனை அடி கண்டீர்கள்?"

"கண்டது மூண்டு. இரண்டாவதில கை முறிஞ்சது."

"அதற்கு முதல்?"

"அதுக்கு முதல் காணேல்ல. கேட்டனான். ஒன்பது வருசம் கேட்டனான்."

அவர் இதற்காகவே காத்திருந்தவர்போல என் பக்கம் வந்தார். "ஒன்பது வருசம் ஒரு பெண் அடிவாங்குவது கேட்டதாம். பக்கத்து வீடு. ஒருநாளாவது போனீர்களா? பொலிசில் சொன்னீர்களா? உண்மையில் கேட்டிருந்தால் ஒரு மனிதன் என்ன செய்திருப்பான்?"

ஒரு நல்ல பொய் சொல்லலாம். சுகமில்லாமல் கிடந்தேன், வெளியூரில் பஸ் ஓடினேன், என்னை அவன் கத்தி காட்டி மிரட்டினான். ஒன்றல்ல, நூறு பொய் வரிசையில் நின்றன. எல்லாம் என்னைக் காப்பாற்றும். மெற்றில்டா இருந்த வாங்கின் பக்கம் பார்த்தேன். அவள் கையில் செதில் இல்லை. எறியவும் அவளால் முடியாது. என்னைப் பார்த்துக்கொண்டு மட்டும் இருந்தாள்.

"நான் ரேடியோவைக் கூட்டினனான், ஐயா" என்றேன். "சத்தம் கேக்கப்படாது எண்டு. ஒவ்வொரு ஞாயிறும் மூண்டு மணிக்கு. என்னென்ன பாட்டு எண்டும் சொல்லுவன்."

அதற்குப் பிறகு யாரும் சிரிக்கவில்லை. சட்டத்தரணி கடதாசிகளை அடுக்கிக்கொண்டு தன் இடத்தில் போய் இருந்தார். தன்னை வெட்கப்படுத்திக்கொண்டு ஒருவன் பொய் சொல்ல மாட்டான் என்று அங்கிருந்தவர்களுக்குப் பட்டிருக்கவேண்டும். கட்டளை கிடைத்தது. றொபேட் மறியலில் சிறை இருந்து, வெளியில் வந்து, வேறு கரையில் தொழில் செய்வதாகக் கேள்வி. எங்கள் ஒழுங்கைக்கு வரவில்லை.

நீதிமன்ற வாசலில் அவள் எனக்கு நன்றி சொல்லவில்லை. "ரேடியோவை ஏன் கூட்டினனீங்கள் எண்டு என்னட்ட ஒருநாளும் சொல்லேல்லயே மாமா" என்றாள். "வெக்கம் பிள்ளை" என்றேன். "இருக்கட்டும்" என்று சொல்லி, முறியாத கையால் என் முதுகில் ஓங்கி ஒன்று போட்டாள். அதில் மன்னிப்பு எவ்வளவு, அடி எவ்வளவு என்று எனக்கு இன்றைக்கும் பிரித்துச் சொல்லத் தெரியாது.

அதன்பிறகு அவள் தன் வீட்டில் தனியே ஐந்து வருசம் வாழ்ந்தாள். ஞாயிற்றுக்கிழமை பின்னேரங்களில் கதவைத் திறந்து வைத்து, கால் நீட்டி, வாய் பிளந்து நித்திரை கொண்டாள். அவளுடைய குறட்டை கரையில் நின்ற வள்ளங்களைக் கடலுக்குள் தள்ளியது. அவளுக்கு அன்பு வந்தாலும் கைதான் முதலில் வரும் என்பது உங்களுக்குத் தெரியும். ஒருமுறை எனக்கு மீன் முள் தொண்டையில் சிக்கியது. அவள் பாய்ந்து வந்து முதுகில் அடித்த அடியில் முள் பறந்தது, கட்டுப்பல் பறந்தது, என் ஈரலும் இரைப்பையும் இடம் மாறிக்கொண்டன. "உயிர் இருக்கோ மாமா?" என்று கேட்டாள். "இருக்கு, ஆனா எங்க இருக்கெண்டு தேடோணும்" என்றேன்.

ஆஸ்பத்திரியில் கடைசியாக அவளைப் பார்த்தது திங்கட்கிழமை பின்னேரம். முகம் வெளிறி, உதடு வெடித்துக் கிடந்தாள். கண்ணைத் திறந்து, "மாமா, ஒரு பொய் சொல்லுங்கோ" என்றாள்.

எனக்கு ஒரு சுறாவும் வரவில்லை. ஒரு திமிங்கிலமும் வரவில்லை.

"நாளைக்கு உன்னை வீட்ட விடுகினமாம்" என்றேன்.

"இது சரியான சின்னப் பொய், மாமா" என்றாள். இரண்டு பக்கத்தாலும் சிரித்தாள். அடுத்த நாள் காலையில் நான் மீன் சந்தையில் நின்றேன்.

நான் அவளிடம் இருந்து வைத்துக்கொண்டது என்ன என்று கேட்டால், ஒரு பழக்கம். சத்தம் கேட்டால் எழும்புவது. அவளை அடக்கம் செய்து இரண்டாம் ஞாயிறு, எங்கள் பின்வளவு வீட்டில் இருந்து கன்னத்தில் அறை விழுந்த சத்தமும் ஒரு பெண்ணின் குரலும் கேட்டன. புதிதாக வந்த சோடி. அந்தப் பெடியனுக்கு என் தோளைவிட அகலமான கை. எனக்கு அறுபத்துநாலு வயது, சொந்தப் பல் குறைவு, முழங்கால் நோ. பயந்துகொண்டுதான் போனேன். கதவைத் தட்டினேன்.

"மாமா, இது எங்கட குடும்ப விசயம்" என்றான்.

"ஓம் தம்பி. நீங்கள் பாருங்கோ. நான் ஒரு கரையில இருக்கிறன்" என்று சொல்லி உள்ளே போய், விறாந்தையில் கிடந்த கதிரையில் இருந்தேன். அவன் முறைத்தான். நான் முகட்டைப் பார்த்தேன். சுவரோடு ஒட்டி நின்ற அவனுடைய பெண்சாதி கன்னத்தைத் துடைத்துக்கொண்டு, சீனி போட மறந்த ஒரு தேத்தண்ணி கொண்டுவந்து தந்தாள். அதைப் பொழுது படும்வரை வைத்துக் குடித்தேன். யாரும் யாரையும் அடிக்கவில்லை.

அடுத்த ஞாயிறு மூன்று மணிக்கும் போனேன். அவன் கதவைப் பாதி திறந்து, என்னைக் கண்டு, "மாமா, இண்டைக்கு நாங்கள் சண்டை பிடிக்கேல்ல" என்றான்.

"பரவாயில்ல தம்பி, இருந்து பாப்பம்" என்று சொல்லிக் கதிரையை இழுத்துப் போட்டேன்.